கடைத்தெருவை அளந்தவள்

துரத்திவிட்டார்களாமே! யார் சொன்னது? இரும்புக்கடைக்காரர் வீட்டிலா, பால் வாங்குகிற இடத்தில் நிற்கிற நாலு பேரா? என் சின்ன மருமகளை நகராட்சி அலுவலகத்திலிருந்து யாரும் துரத்தவில்லை. இல்லாததை எழுதி மாட்டிக்கொண்டாள் என்பதும் பச்சைப் பொய். அவள் வேலையை விட்டு வெளியே வந்த நாளில் அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது எனக்கும் தெரியும். அதற்காக நான் என் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா? எனக்கு எழுதத் தெரியாது, பார்த்ததைச் சொல்லத் தெரியும். நான் சொல்லச் சொல்ல நீ அப்படியே எழுது, மெருகு பூசாதே.

பதினோரு வருடம் அங்கே எழுத்தராக இருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கும் அவளுக்கும் அரிசியில்தான் முதல் சண்டை. நான் கையால் அள்ளிப் போடுகிறவள். அவள் டம்ளரில் போட்டு, தலையைத் தட்டி அளப்பாள். “எத்தனை பேர் சாப்பிடப் போறாங்கன்னு தெரியும்ல அத்தை, அப்புறம் எதுக்கு உத்தேசம்?” என்பாள். எரிச்சலாக வரும். ஆனால் அவள் வந்த பிறகு எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிக் கொட்டியதும் இல்லை, போதாமல் போனதும் இல்லை. அதையும் சொல்லத்தானே வேண்டும்.

எங்கள் கடைத்தெருவில் என் சின்ன மகன், அதாவது அவள் புருஷன், படங்களுக்குச் சட்டம் போடுகிற கடை வைத்திருக்கிறான். மழை பெய்தால் சாக்கடை நீர் படியேறி உள்ளே வரும். நடைபாதை என்று ஒன்று இருக்கிறது. அதில் நடக்கிறவர்களைவிட விழுகிறவர்கள் அதிகம். சாக்கடைமேல் போட்ட கல் பலகைகள் பாதி உடைந்து, பாதி காணாமல் போய்விட்டன. இரண்டு விளக்குக் கம்பங்களில் ஒன்று முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நிற்கிறது. தடி ஊன்றி நடக்கிற பழைய வாத்தியார், நடைபாதைக்குப் பயந்து லாரிகளுக்கு நடுவே போவார்.

சின்ன ஊர்களின் கடைத்தெருவைச் சீராக்க அரசாங்கம் மானியம் தருகிறது என்று அலுவலகத்துக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நடைபாதை, விளக்கு, மரம், உட்காரப் பலகை எல்லாம் அதில் உண்டாம். மேலாளர், “இதெல்லாம் நமக்கு எங்கம்மா கிடைக்கும், தூக்கிப் போடு” என்றாராம். இவள் போடவில்லை. எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல், தெருவை அளந்தாள். நாடாவின் ஒரு முனையை என் மகன் பிடிப்பான், மறு முனை இவள் கையில். மூடியில்லாத குழிகள் பதினேழு. பதினாறு என்று ஒருமுறை எண்ணி, சந்தேகம் வந்து, கொளுத்துகிற வெயிலில் திரும்பப் போய் எண்ணி வந்தாள். வாய்விட்டே திட்டினேன். கேட்டால்தானே?

ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வியாம். சட்டக்கடை வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து கோடு கோடாகக் கிழித்தாள். எதிர்க்கடை முடிதிருத்துகிறவர் சும்மா இருப்பாரா?

“என்னம்மா, ஆள் எண்ணுறீங்க? தலைக்கு இவ்வளவுன்னு வரி போடவா?”

“நடக்கிறவங்களை எண்ணுறேன் அண்ணே.”

“நாய் நடந்தா?”

“அதுக்கு நாலு கால், உங்க கடைக் கணக்குல சேர்த்துக்கங்க.”

தெருவே சிரித்தது. விண்ணப்ப ஃபாரமும் கையுமாகவே திரிந்ததால், அன்றிலிருந்து அவளுக்கு ‘ஃபாரக்காரம்மா’ என்று பெயர். பாசமாகத்தான் கூப்பிட்டார்கள். அப்போது.

நாற்பது பக்க விண்ணப்பம் போனது. முதல் வடிகட்டலில் தேறியும் விட்டது. இனி அதிகாரி நேரில் வந்து பார்த்து மதிப்பெண் போட வேண்டும். தெரு எவ்வளவு மோசமோ அவ்வளவு மதிப்பெண். இவள் கடை கடையாக ஏறி இறங்கிச் சொன்னாள். நானும் கூடவே போனேன், அதனால் காதால் கேட்டதைச் சொல்கிறேன்.

“எதையும் தொடாதீங்க. துடைக்க வேண்டாம், அடைக்க வேண்டாம். இருக்கிறது இருக்கிறபடியே இருக்கட்டும்.”

வியாபாரிகள் சங்கத் தலைவர் நம் இரும்புக்கடைக்காரர்தான். “சரிம்மா, சரிம்மா, எங்களுக்குத் தெரியாதா?” என்று தலையாட்டினார். ஆட்டின தலையைப் பார்த்து நம்பிவிட்டாள், பாவம்.

அதிகாரியை அழைத்துவர இவளைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். போய்வர இரண்டு நாள். இவள் பேருந்து ஏறின மதியமே சங்கம் கூடியது.

“சின்னப் பொண்ணு, விவரம் தெரியாம சொல்லுது. பெரிய அதிகாரி வர்றாங்க. அவங்க முன்னாடி குப்பையில நிக்கிறதா? பொறுப்பானவங்கன்னு தெரிஞ்சாத்தானே கொடுப்பாங்க” என்றார் இரும்புக்கடைக்காரர்.

அது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. எனக்கும்தான், மறைக்கவில்லை. வீட்டுக்கு ஆள் வரும்போது கிழிந்த பாயை எடுத்து விரிப்போமா? தெருவுக்கு இரண்டு நாளும் வேலைதான். குழிகளில் கல்லும் மண்ணும் கொட்டி மேலே சிமென்ட் பூசினார்கள். கடைகளுக்கு வெள்ளை அடித்தார்கள். மொட்டைக் கம்பத்தைச் சுற்றித் துணிக்கடைக்காரர் தகர விளம்பரத்தை நிறுத்திவிட்டார். எங்கள் கடை முன்னால் இருந்த குழிமேல் சட்டப் பலகை இரண்டைப் போட்டு, அதன்மேல் பூந்தொட்டி வைத்தது யார்? நான். என் மகன் வேண்டாம் என்றான். “நீ சும்மா இருடா” என்று அதட்டினேன்.

வண்டியிலிருந்து அதிகாரி இறங்கினார், பின்னாலேயே இவள். தெருவைப் பார்த்ததும் இவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதோ. அந்த அதிகாரியம்மா தாளைப் பார்ப்பார், தெருவைப் பார்ப்பார். பதினேழு குழிகள் என்று தாளில் இருக்கிறது, தெருவில் ஒன்றுகூட இல்லை.

“அழகா வச்சிருக்கீங்களே” என்றார்.

இரும்புக்கடைக்காரருக்கு மார்பு இரண்டு விரல் உயர்ந்தது. “நாங்க எப்பவும் இப்படித்தான் மேடம்.”

தலையில் அடித்துக்கொண்டு என்ன பயன்? இவள் தனியாக அதிகாரியிடம் நடந்ததைச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். “கடைக்காரங்க எழுதிக் கொடுத்தா சேர்த்துக்கறேன்” என்றாராம். யார் எழுதிக் கொடுத்தார்கள்?

அன்றைக்கு வீட்டுக்கு வந்தாள். பூந்தொட்டியை மட்டும் எடுத்துப் பின்கட்டில் வைத்தாள். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மூன்றே மழையில் சிமென்ட் கரைந்து குழிகள் பழையபடி வாயைத் திறந்தன. அதற்குள் கடிதம் வந்துவிட்டது: மானியம் இல்லை, விண்ணப்பத்தில் எழுதியதற்கும் தெருவுக்கும் பொருத்தம் இல்லை, எழுதியவரிடம் விளக்கம் கேட்க வேண்டும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். பூசினவர்கள் எல்லாம் யோக்கியர்கள், அளந்தவள் பொய்க்காரி!

மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். ‘என் கவனக்குறைவால் அளவுகள் தவறாகிவிட்டன’ என்று இவள் கையெழுத்துப் போட்டால், மறுபடி வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாமாம். அவ்வளவுதான், கடைக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு வரிசை கட்டினார்கள்.

“பெரியம்மா, ஒரு கையெழுத்துதானே? தெருவுக்கே விளக்கு வரும். நீங்க சொன்னா கேப்பாங்க.”

“நீங்க மூடினீங்கன்னு நீங்க ஒரு கையெழுத்து போடுங்களேன்” என்றேன்.

“அது எப்படி? சங்கத்துக்குக் கெட்ட பேரு.”

“அவ பேரு மட்டும் என்ன, ஓசியில வந்ததா?”

முடிதிருத்துகிறவர் ஒருவர்தான் தலைகுனிந்து, “நான் போடறேன் பெரியம்மா” என்றார். மறுநாள் அவரும் ஊரில் இல்லை, மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டாராம்.

சரி, நானே போகிறேன் என்று அவளோடு கிளம்பினேன். மேலாளர் அறையில் இரும்புக்கடைக்காரர் முன்னதாகவே உட்கார்ந்திருந்தார். மேசைமேல் தட்டச்சு செய்த கடிதம், பக்கத்தில் பேனா.

“ஐயா, எங்க கடை வாசல் குழியை மூடினது நான்தான். இவ தொடாதீங்கன்னு சொன்னதை என் காதால கேட்டேன். மை டப்பாவைக் கொடுங்க, ரேகை வைக்கிறேன்.”

“அம்மா, மருமகளுக்கு மாமியார் சாட்சியா?” என்று மேலாளர் சிரித்தார்.

“உலகத்துல எந்த மாமியார் மருமகளுக்காகப் பொய் சாட்சி சொல்வா? அதை யோசிங்க.”

அவர் சிரிப்பு நின்றது. இரும்புக்கடைக்காரர் பக்கம் திரும்பி, “நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். அந்த மனுஷன் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு, “எனக்கு அவ்வளவா ஞாபகம் இல்லீங்க” என்றார். ஒரு மூட்டை சிமென்ட் தலையில் விழுந்திருந்தால் ஞாபகம் வந்திருக்கும்.

இவள் கடிதத்தை ஒருமுறை முழுதாகப் படித்தாள். பேனாவை எடுத்தாள். மூடியைத் திருகி மூடி, அதைக் கடிதத்தின்மேல் வைத்துவிட்டாள்.

“நான் அளந்தது சரி சார்.”

“கையெழுத்து இல்லேன்னா விசாரணை வரும். வேலையை யோசிச்சுக்கணும்.”

“யோசிச்சுட்டேன் சார். வேலைதான் வேண்டாம். விலகல் கடிதம் எழுதி என் மேசையில வச்சிருக்கேன்.”

“ஏம்மா, அப்போ தெரு?” என்று இரும்புக்கடைக்காரர் பதறி எழுந்தார். ஞாபகமில்லாதவருக்குத் தெரு மட்டும் ஞாபகம் இருந்தது.

“நீங்க ஒரு வரி எழுதிக் கொடுத்தா போதும் அண்ணே, இப்பகூட அனுப்பலாம். பேனா அங்கதான் இருக்கு.”

காத்திருந்தாள். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே காத்திருந்தாள். அவர் பேனாவைப் பார்த்தார், மேலாளரைப் பார்த்தார், பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அத்தை, எந்திரிங்க” என்றாள். எனக்கு முட்டி பிடித்துக்கொண்டது. கை கொடுத்துத் தூக்கினாள். சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். கதவைத் திறந்து, முதலில் என்னை வெளியே விட்டு, பின்னாலேயே தானும் வந்து, சத்தம் வராமல் சாத்தினாள்.