ஓசீத்தின் முன்கதவு

என் நாத்தனார் ஓசீத்துக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், “உள்ள வந்தா கதவச் சாத்தணும்னு தெரிஞ்ச ஆம்பளை ஒருத்தனயும் நான் இன்னும் பாக்கல” என்பாள். வளைகுடா ஓரத்தில் சிங்கி இறாலை டப்பாவில் அடைக்கும் கம்பெனியில் அவள்தான் பெண்களுக்கு மேஸ்திரி. கொதிகலன் இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை, வீட்டுக்கு வந்தாலும் இறங்காது. உப்பைக் கொண்டா என்று அவள் சொன்னால் பக்கத்து வீட்டு ஃபிடேல் உப்பு கொண்டு வருவான். அவள் தம்பி ஆன்செல்முக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்குப் போன புதிதில் நான் அழுதிருக்கிறேன். அப்புறம் நானும் கத்தக் கற்றுக்கொண்டேன். அதிலிருந்து எங்களுக்குள் ஒரு வம்பும் இல்லை.

எங்கள் வீடு மேட்டில், கடலைப் பார்த்து நிற்கிறது. சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய அஸ்திவாரம். அதற்குள்ளே நிலவறை. குளிர்காலம் முழுக்கச் சாப்பிட வேண்டிய உருளைக்கிழங்கும் டர்னிப்பும் உப்பு மீன் பீப்பாயும் அங்கேதான் இருக்கும். வெளியே களிமண். ஐப்பசி மழையில் ஊறிய களிமண் உறைந்தால் உப்பும். உப்பி எழும்போது கல்லைத் தூக்கும், கல் உத்தரத்தைத் தூக்கும், மேலே இருக்கிற ஜன்னல், கதவு எல்லாம் கோணிக்கொள்ளும். அதனால் தரை உறையாமல் இருக்க, நவம்பரில் ஆண்கள் கரையில் ஒதுங்கிய கடற்புல்லைக் கவைக்கோலால் வண்டி வண்டியாக அள்ளி வந்து, வீட்டைச் சுற்றி இடுப்பளவுக்கு மிதித்து அடைத்து, பலகை வைத்து முளை அடிப்பார்கள். செடிக்கு மண் அணைப்பது மாதிரி வீட்டுக்குப் புல் அணைப்பது. மே மாதம் அத்தனையையும் பிரித்துப் போட வேண்டும். விட்டால் மரம் இற்றுவிடும்.

முன்கதவையும் சேர்த்துத்தான் அணைப்போம். பனிக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் முன்கதவைத் தொடுவதில்லை, எல்லோருக்கும் சமையலறைக் கதவுதான். முன்கதவு கல்யாணப் பெண்ணுக்கும் பங்குச் சாமியாருக்கும் சவப்பெட்டிக்கும் உரியது. ஆனால் இந்தக் குளிர்காலத்தைத் தாண்ட மாட்டார் என்று ஒருவர் வீட்டில் கிடந்தால், அந்த வருஷம் முன்கதவை மட்டும் அணைக்காமல் விட்டுவிடுவார்கள். புல்லும் பனியும் சேர்ந்து உறைந்தால் பாறைதான், அவசரத்துக்கு எடுக்க முடியாது. பெட்டியை அடுப்பங்கரை வழியாகக் கொண்டு போவது மானக்கேடு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ரோட்டில் போகிறவர்கள் பார்த்துப் புரிந்துகொள்வார்கள்.

ஒரு வருஷம் அக்டோபரில் ஓசீத்துக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டவுனிலிருந்து வந்த டாக்டர் சமையலறையில் கை கழுவிக்கொண்டே ஆன்செல்மிடம் கிறிஸ்துமஸ் தாண்டாது என்று சொல்லிவிட்டுப் போனார். அவளிடம் நாங்கள் சொல்லவில்லை. மாடி ஏற முடியாது என்று அவள் கட்டிலை முன்னறையில் போட்டோம். ஜுரத்தில் அவள் பிதற்றிக்கொண்டு கிடந்தபோது ஆன்செல்மும் ஃபிடேலும் வீட்டுக்குப் புல் அணைத்தார்கள். நான் துணி காயப்போட வெளியே வந்து பார்த்தால் முன்கதவுக்கு நேரே வெறும் கல் தெரிகிறது.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. “வாயத் தொறந்து சொல்ல தைரியம் இல்ல, வாசல்ல எழுதி ஒட்டிட்டீங்களா?” என்றேன்.

“மெதுவாப் பேசுடி. அக்காவுக்குக் கேட்டுரப் போவுது” என்றார் அவர். கண் கலங்கியிருந்தது.

நவம்பர் கடைசியில் ஜுரம் இறங்கியது. கஞ்சி கேட்டாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, “யூலாலி, எனக்குக் காலு ஏன் இப்பிடிச் சில்லுனு இருக்கு? கதவுக்கு அடியில காத்து வருதே. முன்னால புல்லு அணைக்கலயா?” என்றாள்.

புல் போதவில்லை என்று சொல்லச் சொல்லியிருந்தார் என் புருஷன். சொன்னேன்.

“போன மாசம் அடிச்ச புயல்ல கோயிலயே மூடற அளவுக்குப் புல்லு ஒதுங்கிருக்கும். யாருகிட்ட கத விடற?” என்றாள். அப்புறம் கதவுக்கு அடியில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். பிறகு, “கூப்புடு உன் புருஷன” என்றாள்.

அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

“டேய், ரோட்ல போறவனெல்லாம் என்னப் பெட்டியில வச்சு மூடிட்டானாடா?”

“அப்பிடியெல்லாம் இல்லக்கா.”

“அப்ப நாளைக்கே அணை.”

“கரையில இருக்கற புல்லு உறைஞ்சு போச்சுக்கா. கவைக்கோல் இறங்க மாட்டேங்குது.”

அது உண்மைதான். ஆனால் மனமிருந்தால் ஃபர் மரக் கிளையை வெட்டிப் போட்டிருக்கலாம். பயம் அவருக்கு. மூடிவிட்டு, ஆகாதது ஆகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம். நாளைக்கு, நாளன்றைக்கு என்று டிசம்பர் போயிற்று.

அதற்குள் ஊர் அவளை வழியனுப்பத் தொடங்கிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் கோயிலுக்குள் பேசுவது மாதிரி குசுகுசுவென்று பேசினார்கள். ஃபிடேலின் பெண்டாட்டி செலிக்கா ஒரு கேக்கைச் சட்டியோடு கொண்டு வந்து வைத்துவிட்டு, மூலையில் இருந்த ஓசீத்தின் கம்பளம் பின்னும் சட்டத்தைத் தடவிப் பார்த்தாள்.

“நல்ல சட்டம். இனிமே யாரு பின்னப் போறா?” என்றாள்.

“இனிமேன்னா என்னடி?” என்றாள் ஓசீத். பழைய குரல் வரவில்லை, இருமல்தான் வந்தது. செலிக்கா போன பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். “யூலாலி, நான் சாகறத இவங்க முடிவு பண்ணிட்டாங்க. நான் என்னத்துக்கு வம்புக்கு இருமிட்டுக் கெடக்கேன்?” என்றாள். அன்றைக்குக் கஞ்சி இறங்கவில்லை. டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு வராத பயம் அப்போது வந்தது.

ஜனவரியில் மூச்சுத் திணறியது. சாகிறவர்களுக்கு எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசுவார்களே, அதற்குப் பங்குச் சாமியாருக்கு ஆள் அனுப்பினோம். சாமியார் சறுக்குவண்டியில் வந்து இறங்கினார், நல்ல கனத்த சரீரம். முறைப்படி முன்வாசலுக்குப் போனார். ஆன்செல்ம் உள்ளேயிருந்து கதவை இழுத்தார். வரவில்லை. தாழ்ப்பாளைத் தட்டினார், காலை உதைத்துக்கொண்டு இழுத்தார், ஊஹும். ஃபிடேல் வெளியேயிருந்து தோளைக் கொடுத்து முட்டினான். சாமியாரும் சேர்ந்து முட்டினார். கதவு அசையவில்லை. நான் குனிந்து பார்த்தேன். புல் இல்லாத இடத்தில் தரை உறைந்து, உப்பி, கல்லைத் தூக்கி, வாசற்கட்டையைத் தூக்கி, கதவை நிலைக்குள் ஆப்பு அடித்தது மாதிரி இறுக்கியிருந்தது.

கட்டிலில் ஏதோ சத்தம். மூச்சு போகிறது என்று பதறித் திரும்பினேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

“என்னைக் கொண்டு போறதுக்குன்னு வச்சிருந்த வாசலு. இப்ப நானே போறேன்னாலும் விடாது போல” என்றாள். இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். பிறகு, எங்கிருந்து வந்ததோ, கம்பெனிக் குரல் வந்தது: “சாமி! அடுப்பங்கரை வழியா வாங்க, எல்லாரையும் மாதிரி! பனியத் தட்டிட்டு வாங்க!”

சாமியார் என் மீன் சட்டியைத் தாண்டி வந்து அவளுக்கு அவஸ்தை பூசினார். பூசி முடித்த கையோடு அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

“நிலவறைக்குப் போய்ப் பாரு.”

பார்த்துவிட்டு வந்தார். முகம் வெளுத்திருந்தது. முன்பக்கச் சுவர் உள்ளே பிதுங்கியிருந்ததாம், அதை ஒட்டியிருந்த கிழங்கெல்லாம் உறைந்து கறுத்துப்போயிருந்ததாம்.

“ஒருத்தி சாவறான்னு வீட்டயே சாவடிக்கிறியாடா? புல்லு இல்லன்னா பனி இருக்குல்ல? கிளைய வெட்டிப் போட்டு, பனிய வாரி ஜன்னல் வரைக்கும் அடை. நான் படுத்துட்டே பாப்பேன்.”

அவர் என்னைப் பார்த்தார். “எடுங்க மண்வெட்டிய” என்றேன். சாமியார்கூட அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொஞ்சம் வாரிப் போட்டார். முன்னறை இருட்டாயிற்று, காற்று நின்றது. அன்று சாயங்காலம் ஓசீத் கஞ்சியில் மொலாசஸ் பாகு போதவில்லை என்று சண்டை போட்டாள். எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாரும் என்னிடம் குசுகுசுவென்று பேசவில்லை. செலிக்கா கேக் சட்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

மே மாதம் ஆன்செல்ம் வாசற்கட்டையை ஜாக்கி வைத்துத் தூக்கி, பிதுங்கிய கல்லைத் திருப்பி அடுக்கினார். சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓசீத் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு திட்டு கொடுத்தாள். அதற்கப்புறம் ஒவ்வொரு நவம்பரிலும் எங்கள் வீட்டில் முதலில் அணைப்பது முன்கதவைத்தான். அவள் நின்று பார்ப்பாள். பல வருஷம் அப்படிப் போயிற்று. டாக்டர் அவளுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஒரு நவம்பரில் புல் வண்டி வந்து நின்றபோது ஓசீத் கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தாள். வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். ஆன்செல்ம் வழக்கம்போல முன்பக்கம் போய்ப் பலகையை நிறுத்தினார்.

“அத விட்ரு” என்றாள்.

“எத?”

“முன்கதவத்தான். இந்த வருஷம் விட்ரு.”

அவர் கவைக்கோலோடு நின்றார். “டாக்டரு யாரும் ஒண்ணும் சொல்லலயே. நல்லாத்தான இருக்க?”

“எனக்குத் தெரியாதாடா?”

“அஸ்திவாரம் போயிரும்க்கா.”

“போனாப் போவுது.”

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு திட்டு கொடுத்தவள் வாயில் அந்த வார்த்தை. ஆன்செல்ம் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வெறி பிடித்தவர் மாதிரி வாரி வாரிப் போட்டு, எந்த வருஷமும் இல்லாத உயரத்துக்கு அணைத்தார், மேலே ஏறி மிதித்தார். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

பிப்ரவரியில் போய்விட்டாள். ஃபிடேல் கோடாலியும் கடப்பாரையும் கொண்டு வந்தான். சமையலறை வழியாகவே கொண்டு போகலாம், ஓசீத் ஒன்றும் நினைக்க மாட்டாள் என்று நான் சொன்னேன். ஆன்செல்ம் கோடாலியை வாங்கினார். வேறு யாரையும் தொடவிடவில்லை. பெட்டி முன்னறையில் காத்திருக்க, அவரே வெட்டினார், ஒவ்வொரு வெட்டுக்கும் வாய்விட்டு அழுதார். ஊரே ரோட்டில் நின்றது. கதவு ஒரு இழுப்பில் திறந்துகொண்டது. கீழே ஒரு கல்கூட நகர்ந்திருக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பியதும் எல்லோரும் சூப்புக் குடிக்க உள்ளே போனார்கள். அவர் மட்டும் வெளியே நின்று, வெட்டிப் போட்ட புல்லைத் திரும்ப வாரி வாசலில் அடைக்க ஆரம்பித்தார். நல்ல கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள் என்றேன். அவர் அள்ளிக்கொண்டே இருந்தார். நானும் ஒரு கவைக்கோலை எடுத்துக்கொண்டு போனேன்.