கத்திரிக்கோல் சத்தம்

தையல்காரியிடம் யாராவது "நல்லா இருக்கியா?" என்று கேட்டால், எதற்காகக் கேட்கிறார்கள் என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். பிறவியிலேயே அவள் சந்தேகப் பிராணி இல்லை. மகளுக்கு உதவி தேடி ஏறி இறங்கிய படிகள் அவளை அப்படி ஆக்கிவிட்டன.

மகளுக்கு ஒன்பது வயது. நடக்க வராது, பேச வராது, கழுத்து நேராக நிற்பதே பெரிய காரியம். ஆனால் கண் மட்டும் வீடு முழுக்க ஓடியாடும். அதனால் தெருவே அவளை வாலு என்று கூப்பிட்டது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில், தலையணை அண்டக் கொடுத்த சாய்வு நாற்காலியில் அவள் ராஜ்யம் நடந்துகொண்டிருந்தது.

முதலில் ஒரு கூட்டம் சக்கர நாற்காலியோடு வந்தது. வாலுவை அதில் உட்கார வைத்து, "சிரிம்மா, சிரிம்மா" என்று விதவிதமாகப் படம் எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் பிள்ளையைத் தூக்கி அம்மா மடியில் போட்டுவிட்டு, நாற்காலியை மடக்கி அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அங்கேயும் படம் எடுக்க வேண்டுமாம்.

அடுத்தது ஓர் அலுவலகம். பிள்ளையைப் பார்த்து மதிப்பிட ஓர் அதிகாரி. நல்லபடியாகக் காட்ட வேண்டுமே என்று புது கவுன் தைத்துப் போட்டுக் கூட்டிப்போனாள். வாலுவும் அன்றைக்கென்று மேசையிலிருந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தானே தண்ணீர் குடித்தாள். "பரவாயில்லையே, தானே செய்யுதே!" என்று அதிகாரி பாராட்டினார். அந்த அலுவலகம் அனுப்பி, தினமும் காலையில் வந்து வாலுவைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட உதவியாள் அதற்கப்புறம் வரவில்லை. தானே செய்கிற பிள்ளைக்கு ஆள் எதற்கு?

அன்று தையல்காரிக்குப் புத்தி வந்தது, அல்லது புத்தி வந்ததாக அவள் நினைத்துக்கொண்டாள். வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். கத்திரிக்கோலைத் துணிக்குவியல் மேல் வைத்தால் எல்லாம் வழக்கம்போல. வெறும் மேசையில் 'டக்'கென்று வைத்தால் அந்நியர் வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே வாலு கையைத் தொங்கப்போட்டு, தலையைச் சாய்த்து, கண்ணைச் சுவரில் நிறுத்திவிட வேண்டும். அம்மாவும் பெண்ணும் இதை விளையாட்டாகவே பழகினார்கள். அடுத்த மதிப்பீட்டுக்கு வீட்டுக்கே வந்த அதிகாரி 'ஒன்றும் புரியாத குழந்தை' என்று எழுதிக்கொண்டு போனார். உதவியாள் திரும்பி வந்தாள். தையல்காரி ஜெயித்துவிட்டாள்.

அப்போதுதான் துணிப்பைக்காரி வந்தாள். சீருடை தைக்க வந்த ஒரு டீச்சர் அனுப்பிய பெண். தோளில் பெரிய துணிப்பை, கையில் கேமரா இல்லை. கேமரா இல்லாதது தையல்காரிக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. கத்திரிக்கோல் 'டக்'கென்றது.

"பேச்சு வராத பிள்ளைங்களுக்குப் படத்தைத் தொட்டுப் பேசக் கத்துத் தர்றோம்க்கா. வேன் வந்து கூட்டிட்டுப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும்."

"நாங்க என்ன தரணும்?"

"ஒண்ணும் வேணாம்க்கா."

"சும்மா யாரு மேடம் செய்வாங்க?"

"நீங்களும் கூட வந்து உக்காந்து பாருங்க. எங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். சொன்னா அவளுக்குப் புரியுதா?"

அதுதானே பார்த்தேன் என்று நினைத்தாள் தையல்காரி. புரிகிறது என்று சொல்லிவிட்டால் அதிகாரி எழுதிய காகிதம் மாறும், உதவியாள் நின்றுபோவாள். "ஒண்ணும் புரியாது மேடம்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டாள். ஆனால் படத்தைத் தொட்டுப் பேசுவது என்ற அந்தப் பேச்சு விரலில் ஏறிய ஊசியாக உள்ளேயே நின்றது.

வீட்டுக்காரர் பஸ் டிரைவர். "வர்றவங்க எல்லாரையும் திருடனாவே பாத்தா எப்படி?" என்றார்.

"நீங்க ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டுப் போயிடுவீங்க. இங்க மாரடிக்கிறது யாரு?"

மறுவாரம் துணிப்பைக்காரி கூப்பிடாமலேயே வந்தாள். கையில் பட்டையான வார். "சரிஞ்சு சரிஞ்சு விழறாளே, நெஞ்சுக்கு ஒரு பெல்ட் கட்டிப் பாப்போம்க்கா." இது என்ன புதுத் தந்திரம் என்று தையல்காரி கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பரபரப்பில் கத்திரிக்கோலை மறந்தாள். நெஞ்சில் வார் பிடித்ததும் வாலு நிமிர்ந்து உட்கார்ந்து, துணிப்பைக்காரியின் வளையலை எட்டிப் பிடிக்கக் கை நீட்டினாள். துணிப்பைக்காரி துணிக்குவியல் மேலிருந்த கத்திரிக்கோலை எடுத்து மிச்ச வாரை வெட்டிவிட்டு, அதை வெறும் மேசையில் வைத்தாள்.

டக்.

நீண்ட கை தொப்பென்று விழுந்தது. தலை சாய்ந்தது. கண் சுவருக்குப் போனது.

துணிப்பைக்காரி பிள்ளையைப் பார்த்தாள், கத்திரிக்கோலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தையல்காரி கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"எழுதிக் குடுத்துடாதீங்கம்மா. உதவிக்கு வர்ற பொண்ணை நிறுத்திடுவாங்க."

"அது கை கால் முடியாததுக்கு வர்ற ஆளு அக்கா. புத்தி இருக்குன்னு நிறுத்தக் கூடாது. நிறுத்தினா நானே வந்து சண்டை போடறேன்." துணிப்பைக்காரி குரலைத் தாழ்த்தினாள். "ஆனா அக்கா, ஒண்ணும் புரியாத பிள்ளை இவ்ளோ அழகா நடிக்குமா?"

பேச வராத பிள்ளை என்று ஊர் சொன்னது. பேசாதே என்று பழக்கியது தையல்காரிதான்.

கத்திரிக்கோலை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். "போதும்டி வாலு. இனிமே இந்த விளையாட்டு வேணாம். அம்மா திட்ட மாட்டேன்."

துணிப்பைக்காரி வாலுவின் மடியில் சில படங்களைப் பரப்பினாள். பந்து, பூனை, தட்டு, பஸ், ஊசி நூல். "யாரைப் பத்திப் பேசலாம், சொல்லு."

வாலு இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தாள். சத்தம் வரவில்லை என்று உறுதியானதும் கை மெல்ல எழுந்தது. நடுங்கியது, தவறியது, மறுபடி எழுந்தது. ஊசி நூலைத் தாண்டிப் போய் பஸ் மேல் விழுந்தது. பிறகு வாலு கண்ணைத் திருப்பி, சுவரில் தொங்கிய அப்பாவின் காக்கிச் சட்டையைக் காட்டினாள்.

"அடிப்பாவி!" என்றாள் தையல்காரி. "ஊட்டி வளக்கறவ நானு, முதல் பேச்சு உங்கப்பனைப் பத்தியா?"

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள்.