எத்தனை கல் என்று கேட்காதவர்

என் அக்காள் புருஷன் ஒபுசித்சே ஆயுசில் பாதியை லெட்லகானே பக்கத்து வைரச் சுரங்கத்தில் கழித்தவர். பாறையை உடைத்துக் கழுவிக் கல் பிரிக்கும் ஆலையில் மேற்பார்வை வேலை. நூறு டன் பாறைக்கு எத்தனை காரட் தேறும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். ஓய்வு பெற்றதும் அந்த அறிவே அவருக்கு வினையானது.

ஒரு சின்னக் கம்பெனி, புதர்க்காட்டில் புதிதாக வைரப் பாறை கண்டதாகச் சொல்லிப் பங்கு விற்றது. இன்னும் தோண்டவே தொடங்காத இடம். சோதனைக்குக் கொஞ்சம் பாறை எடுத்திருந்தார்கள், அவ்வளவுதான். பிரான்சிஸ்டவுன் ஓட்டலில் கூட்டம் போட்டு, நூறு டன்னுக்கு இத்தனை காரட், காரட் இன்ன விலை என்று காட்டினார்கள். மச்சான் அங்கேயே மனக்கணக்குப் போட்டார். காரட்டை விலையால் பெருக்கித் தோண்டும் செலவைக் கழித்தார். நல்ல லாபம் மிஞ்சியது.

திரும்பும்போது வண்டியில் கேட்டேன். "அந்தக் காரட் விலை எத்தனை கல்லை வச்சுச் சொன்னது மச்சான்?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

"ஒருத்தன் பட்டியில எத்தனை மாடு நிக்குதுன்னு நீ கேப்பியா? அது மாதிரிதான்."

எங்களில் யாரும் அப்படிக் கேட்க மாட்டோம், அது மரியாதை இல்லை, உண்மைதான். ஆனால் கம்பெனிக்காரன் கல்லுக்கும் நம் மாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கத்தினேன். வளர்ப்பு என்று ஒன்று இருக்கிறதே என்றார். அடுத்த வாரமே மாடுகளை விற்றுப் பங்கு வாங்கினார். அத்தனையும் மகன் ஓலெபிலேயின் பரிசத்துக்கு ஒதுக்கியவை. மாடு போகாமல் எங்கள் ஊரில் பெண் வராது. கல்யாணத்துக்குள் ரெட்டிப்பாகும் என்று அக்காளிடம் சொன்னார்.

மறு ஆண்டு கம்பெனி பெரிய அளவில் பாறையை உடைத்துக் கழுவியது. கற்கள் வந்தன, எல்லாம் பொடியும் பழுப்பும். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. முதல் சோதனையில் கிடைத்ததே ஒரு கைப்பிடிக் கல். அதில் ஒன்றே ஒன்று பெரிய வெள்ளைக் கல். சராசரி விலையைத் தூக்கி நிறுத்தியது அது மட்டும்தான். அதை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் தோண்டும் கூலிக்கே காணாது. கம்பெனி கடையைக் கட்டியது.

எனக்கு வயிறு எரிந்தது. மச்சானுக்கு ஒன்றும் எரியவில்லை. அக்காள் அழுதபோது பக்கத்தில் உட்கார்ந்து சோளக் கஞ்சி குடித்தார். கிள்ளினாலும் தெரியாது போலிருக்கிறது, எல்லாம் மரத்துவிட்டது என்று என்னிடம் சொன்னார். வேறு யாருக்கோ வந்த வியாதியைச் சொல்வது போல இருந்தது.

ஓலெபிலேவுக்கு நிச்சயித்திருந்த பெண் பேர் வாமே. அவள் வீட்டில் எத்தனை மாடு என்று பேசி முடித்தவன் தாய்மாமனான நான்தான். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"மழைக்காலம் முடியட்டும்னு அவங்ககிட்ட சொல்லு. கொஞ்சம் பொறுத்துக்கட்டும்."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த ஓலெபிலே தலை நிமிரவில்லை. "அவங்க பொறுக்கலப்பா. நேத்து அவங்க வீட்டுக்கு வேற இடத்து மாடு வந்து இறங்கிடுச்சு."

அக்காள் உள்ளே போய்விட்டாள்.

"நல்ல மாடுங்களா?" என்று கேட்டார் மச்சான்.

"நல்ல மாடுதாம்ப்பா," என்றான் அவன்.