பக்கத்து அறைக்குக் கேட்காத ஊர்ப்பெயர்

அந்தக் கடிதத்தில் பெயர் இருந்தது, அடையாள அட்டை இலக்கம் இருந்தது. ஊர் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. யுத்த காலம். மன்னாரில் ஒரு கந்தோரில், ஊரைவிட்டு வெளியே போக ஆமியிடம் பாஸ் எடுக்கத் தேவையான கடிதங்களைக் கணினியில் அச்சிட ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதிவிட்டு, பெரிய கெட்டிக்காரன் என்ற நினைப்பில் இருந்தேன். அதில் வந்த முதற் கடிதத்தைக் கொண்டுபோனவர், எங்கள் கந்தோரைக் கூட்டித் துடைத்துத் தேத்தண்ணி தந்த அக்கா. மலைநாட்டிலிருந்து வந்து முருங்கன் பக்கம் குடியேறி, அங்கிருந்தும் இடம்பெயர்ந்தவர். அவருடைய கணவர் புண் பழுத்த காலோடு வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்தார். மனுசி வராமல் ஒப்பரேசனுக்குக் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அடம்பிடித்தாராம்.

அக்காவைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை கடிதத்தை என்னிடம் நீட்டினார். "ஊரு இல்லைன்னுட்டாங்க தம்பி."

"நீங்கள் ஊரைச் சரியாய்ச் சொன்னனீங்களோ?" என்று அவர்மேலேயே பாய்ந்தேன். வெட்கங்கெட்ட கேள்வி. திரையில் ஊரைக் கேட்டால் முருங்கன் என்று உடனே பதில் வந்தது, அச்சிட்டால் வெறுமை. இதென்ன கூத்து! கையால் எழுதிக் கொடுத்தால் ஆமி ஏற்காது. மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் நின்ற அக்காதான் கேட்டார்: "அச்சடிக்கிறதும் இதேதானா, வேற ஆளா?"

"அது வேற புரோகிராம் அக்கா. இது அதைக் கூப்பிடும்."

"அப்ப அதுக்கு யாரு சொன்னா? பெரியய்யா அவரு ரூமுக்குள்ள சொல்றது கிளாக்கருக்கு எப்படித் தெரியும்? துண்டு எழுதித் தந்து, நான் கொண்டுபோய்க் குடுத்தாத்தானே?"

கதிரையை விட்டுத் துள்ளி எழும்பினேன். ஸ்கிரிப்ட் பெயர், ஊர் போன்ற தன் மாறிகளைத் தனக்குள்தான் வைத்திருக்கும். எக்ஸ்போர்ட் என்று ஒரு சொல் எழுதினால்தான், அது கூப்பிடும் புரோகிராமின் கையில் ஒரு பிரதி போய்ச் சேரும். அந்தப் பிரதியை அங்கே என்ன செய்தாலும் இங்கே இருப்பது மாறாது. பெயருக்கும் இலக்கத்துக்கும் அந்தச் சொல்லை எழுதிய நான், ஊருக்கு எழுத மறந்திருந்தேன். இன்றும் எந்த ஸ்கிரிப்டைத் திறந்தாலும் என் கண் முதலில் அந்தச் சொல்லைத்தான் தேடுகிறது.

ஆனால் பாஸ் தருவது மத்தியானம் வரைதான்; நான் திருத்தி அச்சிட்டபோது அந்த நேரம் தாண்டிவிட்டது. அக்கா மூன்றாம் நாள்தான் போனார்.

ஒரு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவரிடம் ஆவலோடு விசாரித்தேன்.

"ஆளு இருக்காரு தம்பி. முழங்காலுக்கு மேல எடுத்துட்டாங்க. ரெண்டு நாள் முந்தி வந்திருந்தா பாதத்தோட போயிருக்குமாம்." என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களக் குத்திக்காட்டல. கேட்டீங்க, சொன்னேன்."