ரப்பரக்காவின் இடது பக்கம்

பாஸ்போர்ட் அளவுப் படம் எடுக்கும் அந்தக் கடையில் இருபது வருடமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு ரப்பரக்கா என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியாது. முகத்தில் வேண்டாததை அழித்துத் தருவது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். ஆனால் அவளிடம் போய் எதையாவது அழிக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் சங்கதி. ஒரு மாதத்தில் தானாகப் போய்விடக்கூடியதை மட்டும்தான் எடுப்பாள். பரு, கொசுக்கடி, சவரத்தில் விழுந்த கீறல், தூங்காத கண்ணின் வீக்கம், இவ்வளவுதான். மச்சம், சுருக்கம், தழும்பு, வழுக்கை எல்லாம் அவரவர் சொத்து, அதில் கைவைக்க நான் யார் என்பாள். ஐம்பது வயது ஆள் வந்து முப்பது வயதுக் கன்னம் கேட்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். அப்படிப்பட்டவர்களை முதலாளி ஓசைப்படாமல் உள்ளறைக்கு அழைத்துப்போய், கேட்ட கன்னத்தைக் கேட்டபடி செய்து கொடுத்துவிடுவார்.

இப்படிப்பட்டவளைத்தான் அவளுடைய தங்கை டேட்டிங் ஆப்பில் சேர்த்துவிட்டாள். நாற்பத்திரண்டு வயதில் இது தேவையா என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தாள் ரப்பரக்கா. பிறகு ஒரு விடுமுறை நாளில், யாருக்கும் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே ஒரு ஸ்டூடியோ போட்டாள். ஜன்னலில் வெயில் மட்டுப்பட எண்ணெய்த்தாளை ஒட்டினாள். கழுத்தின் நிழல் போக மடியில் வெள்ளைப் படுக்கைவிரிப்பை விரித்தாள். மோவாயை அரை விரல் முன்னால் நீட்டினாள். நாற்பத்து மூன்று செல்ஃபி எடுத்ததில் ஒன்று தேறியது. அதில் அவளுக்கே அவளைப் பார்க்க ஆசையாக இருந்தது.

நாற்பத்து மூன்றிலும் வலது கன்னம்தான் இருந்தது. இடது கன்னத்தில், உதட்டோரம் தொடங்கிக் கழுத்துவரை, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெண்படை உண்டு. அது முப்பது வயதில் வந்தது. வந்த வருடமே புருஷன் போய்விட்டான். இது தொற்றாது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் தன் கையால் எழுதிக் கொடுத்த தாளைக்கூட எடுத்துப் படிக்காமல், டம்ளரைத் தனியாக வை என்று சொன்ன மகராசன் அவன். அவன் போனதற்காக அவள் அழவில்லை. அந்த டம்ளரை நினைத்தால்தான் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆகவே வலது பக்கம். நான் ஒன்றையும் அழிக்கவில்லையே, கொஞ்சம் திரும்பி உட்கார்ந்தேன், அவ்வளவுதானே என்று தனக்குத்தானே வக்கீல் வைத்துக்கொண்டாள். ஊரார் முகத்துக்கெல்லாம் சட்டம் பேசியவள் தன் முகத்துக்கு வந்தபோது சட்டத்தை எப்படி வளைத்தாள் பாருங்கள். ஆனால் அவளைக் குற்றம் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பதில் எழுதியவர்களில் ஒரு லிப்ட் மெக்கானிக் மட்டும் நிலைத்தான். வயது நாற்பத்தைந்து, படத்தில் நல்ல அடர்த்தியான முடி. நின்றுபோன லிப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் என்னென்ன சொல்லிப் புலம்புவார்கள் என்று தினமும் எழுதுவான். அவள் வேலை நேரத்தில் படித்துவிட்டு, வாடிக்கையாளர் எதிரில் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவாள். தன் வேலையைப் பற்றிக் கம்ப்யூட்டர் வேலை என்று மட்டும் சொல்லிவைத்திருந்தாள். மூன்று வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஒரு டீக்கடையில் நேரில் பார்க்கலாமா என்று கேட்டான். சரி என்றவள் மறுநாளே அந்த டீக்கடைக்குப் போய், இடது பக்கம் சுவர் வரும்படியான மேஜை எது என்று பார்த்துவைத்துவிட்டு வந்தாள். பார்த்ததும் அவன் முகம் எப்படிப் போகும் என்ற நினைப்பு மட்டும் அவளை விடவில்லை. அந்த முகத்தை அவள் ஏற்கெனவே ஒருவனிடம் பார்த்திருக்கிறாள்.

சனிக்கிழமை மத்தியானம் தங்கை கடைக்கு வந்தாள். ஆளைக் காட்டு என்று போனைப் பிடுங்கி, படத்தை இரண்டு விரலால் விரித்தாள்.

"முடியைப் பாருக்கா, காடு மாதிரி இருக்கு."

ரப்பரக்கா எட்டிப் பார்த்தாள். வேலையில் எந்தப் படத்தையும் விரித்துப் பார்க்காமல் விடாதவள், இந்த ஒரு படத்தை மட்டும் மூன்று வாரமாக விரிக்காமலே வைத்திருந்தாள். இப்போது பார்த்ததும் தெரிந்துவிட்டது. வலது காதுக்கு மேலே தனியாகத் தூக்கிக்கொண்டு நின்றது ஒரு முடிக்கற்றை. முதலாளியின் கம்ப்யூட்டரில் வழுக்கைக்காரர்களுக்கென்று மூன்று தலைமுடி தயாராக இருக்கிறது. தலை-1, தலை-2, தலை-3. அந்தக் கற்றை தலை-2-இல் இருப்பது. தபால்காரர், பல் டாக்டர், ஜிம் வைத்திருப்பவர் என்று ஊரில் பாதிப் பேர் தலையில் அது முளைத்திருக்கிறது.

அவளுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. மூன்று வாரமாக நான் இங்கே எந்த நாற்காலியில் உட்காருவது என்று செத்துக்கொண்டிருக்க, இவன் இரவல் முடியோடு உலா வந்திருக்கிறான். தங்கையை அப்படியே விட்டுவிட்டு உள்ளறைக்குப் போய், போனை முதலாளி முகத்துக்கு நேராக நீட்டினாள். ஊரெல்லாம் ஒரே முடியை ஒட்டுகிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று வெளுத்து வாங்கினாள். முதலாளி ஆற அமரக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படத்தைப் பார்த்தார்.

"ஒட்டினது நான்தாம்மா. ஆனா இந்த ஆளு முதல்ல உன்கிட்டதான் வந்தாரு. ஒரு மாசத்துல முளைக்குமான்னு கேட்டு நீதான் திருப்பி அனுப்புனே. நாலு பேரு எதிர்ல. மனுஷன் காதெல்லாம் செவந்துபோச்சு."

அவளுக்கு அப்படி ஒரு ஆள் வந்ததே ஞாபகமில்லை. முதலாளியை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, கம்ப்யூட்டரில் ஒட்டுவதற்கு முந்தைய படத்தைத் தேடி எடுத்தாள். வழுவழுத்த தலை, விடைத்த காதுகள், கண் இரண்டும் காணாமல் போகிற அளவுக்கு வாய்கொள்ளாச் சிரிப்பு. முடி ஒட்டியதோடு முதலாளி நிற்கவில்லை. சிரித்தால் சுருக்கம் விழுகிறது என்று அந்தச் சிரிப்பையும் மூடிவிட்டிருந்தார். லிப்ட் கதைகளை எழுதியது இந்த முகம்தான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கோபம் குறையவில்லை. பாதி முதலாளி மேலேயே நின்றது. மீதிப் பாதி, சட்டம் பேசியே ஒரு மனிதனை அவமானப்படுத்தி அனுப்பியவள் மேல் திரும்பியது.

கேமரா முன்னால் இருந்த முக்காலியில் போய் உட்கார்ந்தாள். விளக்கு எதையும் நகர்த்தவில்லை. இடது கன்னத்தைக் காட்டி, தங்கையைப் போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னாள். அதைப் போய் அனுப்புவார்களா, உனக்கென்ன பைத்தியமா என்று தங்கை கையைப் பிடித்தாள். கையை உதறிவிட்டு ரப்பரக்கா படத்தின் கீழே எழுதி அனுப்பினாள்.

"இதுதான் நான். உங்க முடி ஒட்டினதுன்னு எனக்குத் தெரியும். நாளைக்கு அதை வீட்டுலயே வச்சிட்டு வாங்க."

ஒரு மணி நேரம் கழித்து, வருகிறேன் என்று ஒரு சொல் வந்தது. அதை வைத்து என்ன கண்டுபிடிக்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை அவள் சுவரோரத்து மேஜையை விட்டுவிட்டு, நடுக்கூடத்தில் உட்கார்ந்தாள். அவன் வெறுந்தலையோடு வந்தான். உட்காரும்போதே முகம் கடுகடுவென்று இருந்தது. மூன்று வாரமாக ஒரு கன்னத்தோடு மட்டும்தான் பேசினேனா என்று கேட்டான். நான் எதையும் அழிக்கவில்லை, ஒட்டிக்கொண்டது நீங்கள்தான் என்று அவளும் விடவில்லை. பக்கத்து மேஜைக்காரர்கள் டீயை மறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"வெறுந்தலையோடதான் மொதல்ல படம் போட்டேன். ரெண்டு மாசம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. அப்புறம்தான் அந்தக் கடைக்குப் போனேன். அங்க இருந்தவங்க முளைக்குமான்னு கேட்டாங்க. என் மூஞ்சியைப் பார்த்துக் கேட்டிருந்தா நானும் சிரிச்சிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அவங்க பார்க்கவே இல்ல."

அது யார் என்று அவன் கேட்கவில்லை. அவள் சொல்லாமலே இருந்துவிடலாம். இருக்க முடியவில்லை.

"அது நான்தான்."

"தெரியும்," என்றான் அவன். "நேத்து அந்தப் படத்தைப் பார்த்ததுமே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்குக் கவுன்ட்டர்ல எவ்வளவு நேரம் நின்னேன், நீங்க கம்ப்யூட்டரை விட்டுத் திரும்பவே இல்ல. நான் பார்த்துக்கிட்டிருந்தது இந்தக் கன்னத்தைத்தான்."