மாடசாமி பறித்த பூனைக்காலி

மாடசாமிக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தபோது ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி இருந்தது. கோவில்பட்டிக் கரிசலிலிருந்து வந்து, நெய்வேலி மைன்ஸில் முப்பத்து நான்கு வருஷம் பக்கெட் வீல் ஓட்டிய மனிதர். மலை போன்ற மண்ணை அள்ளி விழுங்கும் இயந்திரத்தை இரண்டு விரலால் ஆட்டிவைத்தவருக்கு ஒரு டீ டம்ளர் அடங்க மறுத்தது. விஷயம் மெடிக்கலுக்குப் போனால் இயந்திரத்திலிருந்து இறக்கி எங்காவது நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். ஆகவே கையைப் பேன்ட் பைக்குள் வைத்துக்கொண்டு, "நீயும் பழகணும்ல" என்று உதவி ஆபரேட்டரிடம் பெருந்தன்மையோடு லீவரை விட்டுக்கொடுத்தார்.

வடலூரில் ஓர் ஆயுர்வேத வைத்தியரை ரகசியமாகப் போய்ப் பார்த்தார். அவர் நாடி பிடித்துவிட்டுச் சொன்னார்: "பூனைக்காலி விதை. பால்ல வேகவச்சு, தோலை உரிச்சு, காயவச்சுப் பொடி பண்ணணும். நடுக்கத்துக்குக் கேக்கும். நரம்புத் தளர்ச்சிக்கும் கேக்கும். அப்புறம்..." கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "ஆம்பளைங்க சமாசாரத்துக்கும் இதைத்தான் கேட்டு வர்றாங்க. அதனால கடையில நிக்கிறதே இல்ல. பதினஞ்சு நாள் கழிச்சு வாங்க."

பதினைந்து நாள் பொறுக்க மாடசாமியால் முடியவில்லை. தை மாதம், காய் முற்றும் காலம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டியை மடித்துக் கட்டி, மொபெட்டை எடுத்துக்கொண்டு வளையமாதேவிப் பக்கம் போனார். ஓடைக்கரைப் புதரில் கொத்துக் கொத்தாகத் தொங்கின காய்கள். பழுப்பு நிறம், வெல்வெட்டுப் போல் மினுமினுப்பு. ஆசையாகத் தடவிப் பார்த்துவிட்டு மடி நிறையப் பறித்துக் கட்டிக்கொண்டார். அந்த வெல்வெட்டு அத்தனையும் சுணை என்பதும், குரங்குகூட அந்தக் கொடிக்குக் கும்பிடு போட்டுவிட்டு விலகிப் போகும் என்பதும், திரும்பும் வழியில் மந்தாரக்குப்பம் தாண்டும்போதுதான் அவருக்குத் தெரியவந்தது.

குடியிருப்பு ப்ளாக்குக்குள் வந்து சேர்ந்தவர் வண்டியை நிறுத்தவில்லை, குதித்தார். கையைச் சொறிந்தார், கழுத்தைச் சொறிந்தார், பிறகு மடி கட்டியிருந்த இடத்தையும் சொறிந்தார். ஒரு கதவு பாக்கியில்லாமல் க்வார்ட்டர்ஸ் எல்லாம் திறந்துகொண்டது. அவர் மனைவி விஜயகுமாரி குடத்துத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

கீரை விற்க வந்திருந்த கஸ்தூரியம்மாள் சிதறிக் கிடந்த காய்களைப் பார்த்ததும் கூடையை இறக்கினாள். "தண்ணி ஊத்தாதம்மா, பூனக்காலி இது! சாணியக் கரைச்சுப் பூசு." பூசி முடித்த பிறகு அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஏன் சார், இத்த எதுக்கு மடில கட்டிக்கினு வந்தீங்க? எங்க ஊர்ல புது மாப்பிளைங்கதான் இத்தத் தேடிக்கினு திரிவானுங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. 'கை நடுக்கத்துக்கு' என்று சொல்ல மாடசாமி வாயெடுத்தார். எதிர்வீட்டு வாசலில் சிவக்குமார் நின்றிருந்தார். மெடிக்கல் ஃபைல்களெல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகும். மாடசாமி சற்று நேரம் சொறிந்து யோசித்துவிட்டு, "ஆமா, அதுக்குத்தான்" என்றார்.

விஜயகுமாரி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் முதல் ஷிஃப்டில் கிடைத்த மரியாதை அவர் சர்வீஸிலேயே காணாதது. கேன்டீனில் எழுந்து இடம் விட்டார்கள். உற்பத்திச் சாதனைக்காக அவர் வாங்கிய கேடயத்தைப் பற்றி ஒருவரும் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது எத்தனை வேளை, பாலிலா தேனிலா என்று காதோரம் வந்து கேட்டார்கள். மூன்றாம் நாள் சிவக்குமாரே கைக்குட்டையை விரித்துக்கொண்டு வந்தார். "எனக்கில்ல, ஒரு ஃப்ரெண்டுக்கு" என்றார். அந்த ஒரு ஃப்ரெண்டுக்காக அந்த வாரத்தில் மொத்தம் ஏழு பேர் வந்து வாங்கிப் போனார்கள்.

வீட்டில்தான் மரியாதை போய்விட்டது. விஜயகுமாரி வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். ஒரு காலையில் காப்பியை நங்கென்று வைத்துவிட்டு முறைத்துக்கொண்டு நின்றாள். அவர் டம்ளரை எடுத்தார். பாதிக் காப்பி சட்டையில் கொட்டியது.

"என்ன இது? கையைக் காட்டுங்க."

காட்டினார். கஞ்சிரா வாசிப்பவர் கைபோல் அது தானாக ஆடியது. வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முந்தானையால் அவர் சட்டையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"நடுக்கம்னு சொல்ல வெக்கம். அதைச் சொல்ல மட்டும் வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"அதுக்கு மெடிக்கல் போர்டு கிடையாதே" என்றார் மாடசாமி.

அழ ஆரம்பித்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்த கையோடு அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள்.

நடுக்குவாதம், ஆரம்பக் கட்டம் என்றார் டாக்டரம்மா. விதைக் கதையைக் கேட்டு அவர் சிரிக்கவில்லை. "உங்க வைத்தியர் சொன்னது தப்பில்ல. நான் எழுதுற மாத்திரையில இருக்கிற மருந்து அந்த விதையிலயும் இருக்கு. ஆனா எந்த விதையில எவ்வளவு இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது. ரெண்டையும் சேர்த்து முழுங்கிடாதீங்க."

மாடசாமி தாமே போய்ச் சிவக்குமாரின் மேஜையில் காகிதத்தை வைத்தார். பயந்தபடியே, வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸில் ஒரு நாற்காலி கிடைத்தது. முதல் நாள் இயந்திரத்தின் இரைச்சல் இல்லாமல் அவருக்குக் காது வலித்தது. டீக்கடையில் உண்மையை உடைத்துச் சொல்லிப் பார்த்தார். ஒருவரும் நம்பவில்லை. அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டு நரம்பு தளர்ந்துவிட்டது என்று அவர்களே முடிவு கட்டினார்கள். அந்த அளவு என்ன என்பதை மட்டும் தெரிந்துகொள்ள விரும்பினார்கள்.

ஒரு நாள் மதியம் கொளஞ்சிநாதன் என்ற காண்ட்ராக்ட் தொழிலாளி டைம் ஆபீஸுக்கு வந்து, இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குனிந்தார். "சார், அந்த வெதை கொஞ்சம் வோணுங்க."

"ஃப்ரெண்டுக்கா?" என்றார் மாடசாமி சலிப்போடு.

கொளஞ்சிநாதன் கையை நீட்டினார். அது நடுங்கியது. "இதுக்குங்க. வெளியில சொல்லிடாதீங்க. பர்மனென்ட்டுக்கு நாற்காலி போடுவாங்க. எனக்கு வெளிக் கேட்டத்தாங்க காட்டுவாங்க."

மாடசாமி தம் கையையும் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்தார். கொளஞ்சிநாதன் அதையும் இவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"செவ்வாக்கிழமை லீவு போடுங்க. பாண்டி பெரியாஸ்பத்திரியில காட்டுவோம், இங்க யாருக்கும் தெரியாது. நானும் வர்றேன்" என்றார் மாடசாமி.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் இருவரும் பஸ் ஏறினார்கள். விஜயகுமாரி இரண்டு பேருக்கும் புளியோதரை கட்டிக் கொடுத்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் அவர்களைப் பார்த்துவிட்ட சிவக்குமார், பத்து மணிக்குள் ப்ளாக் முழுக்கச் செய்தி சொல்லி முடித்தார்: "மாடசாமி மொத்த வியாபாரத்துல எறங்கிட்டாரு. ஆள் சேத்துக்கிட்டு பாண்டிக்குச் சரக்கு எடுக்கப் போறாரு. என் ஃப்ரெண்டுக்கு ஒரு கிலோ தனியா எடுத்து வைக்கச் சொல்லணும்."