ஈரம் காயும் வரை கழட்டக் கூடாது

1. வேட்டிக்குக் கீழே ஸ்டட்

உளுந்தூர்பேட்டை போய்ச் சேர்வதற்கு முன்பே ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் படுத்திருந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு மரம். பஸ் நின்றுவிட்டது.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மறியல் நடந்துகொண்டிருந்த சமயம். காலையில் கள்ளக்குறிச்சியில் ஏறும்போதே கண்டக்டர், "போற வரைக்கும் போவும், அப்புறம் உங்க பாடு" என்று சொல்லிவிட்டுத்தான் டிக்கெட் கிழித்தார். நான் அதைக் காதில் வாங்கவில்லை. என் கவனமெல்லாம் காலில் இருந்தது.

காலில் என்னவென்றால், வேட்டிக்குக் கீழே, அடியில் ஸ்டட் என்கிற குமிழ்கள் வைத்த ஃபுட்பால் பூட்ஸ். அதுவும் ஈரமாக. உள்ளே விரல்கள் ஊறி, பழைய சோற்றில் கிடக்கிற மிளகாய் மாதிரி இருந்தன.

"எல்லாரும் எறங்குங்க. வண்டி போவாது."

இறங்கினேன். தார் ரோட்டில் ஸ்டட் பட்டு டக் டக் என்றது. மரத்தின் மேல் கோடாலியோடு உட்கார்ந்திருந்தவர் திரும்பிப் பார்த்தார். சவுதி வெயிலுக்காக நான் தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தேன். மாமியார் வீட்டு மரியாதைக்காக மீசையை முறுக்கி வைத்திருந்தேன். இரண்டும் சேர்ந்து, கறுப்பு பூட்ஸும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அதுவரை நான் யோசித்ததில்லை.

"இன்னாடா இது? போலீசு மஃப்டில வந்துக்கினு இருக்கான்!"

சுற்றிக்கொண்டார்கள்.

"நான் போலீஸ் இல்லீங்க."

"அப்ப பூட்ஸு?"

"இது என் பூட்ஸ் இல்லீங்க."

"திருடுனியா?"

"ஐயோ இல்லீங்க. சவுதியில ஒருத்தரோடது."

"கழட்டு."

"கழட்டக் கூடாதுங்க."

"ஏன்?"

"ஈரம் காயலைங்க."

இதைவிடச் சந்தேகம் கிளப்புகிற பதிலை அந்த நிமிஷத்தில் வேறு யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆனால் அது உண்மை. அது ஏன் உண்மை என்று புரிய வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

2. மூளையை யாரும் கேட்கவில்லை

பம்பாய் ஏஜென்ட் சொன்னது ஸ்டோர் கீப்பர் வேலை. மேஜை, நாற்காலி, மேலே ஒரு ஃபேன் என்று நான் நினைத்துக்கொண்டு போனேன். இறங்கிய இடம் ஒரு ஃபுட்பால் கிளப். முதல் நாள் எகிப்துக்கார மானேஜர் ஒரு ரூமைத் திறந்து காட்டினார். உள்ளே ஆள் உயரத்துக்கு அழுக்கு ஜெர்சி. பாதி அரபியிலும் பாதி இங்கிலீஷிலும் நிறைய சொன்னார். எனக்கு இரண்டும் அரைகுறை. எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன்.

பிறகு என் காலைப் பார்த்தார். ரேக்கிலிருந்து ஒரு பூட்ஸை எடுத்து, அவரே குனிந்து என் காலில் மாட்டினார். சரியாக இருந்தது. என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பெண் வீட்டார்கூட என்னைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. என்ன நடக்கிறதென்று புரியாமல் நானும் சிரித்தேன்.

அப்படித்தான் டீமின் ஜெர்சியையும் பூட்ஸையும் பார்த்துக்கொள்கிற கிட் மேன் ஆனேன். கிட் மேன் தொழிலில் ஆட்டக்காரர்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். என்னை எல்லோரும் 'ஹிந்தி' என்பார்கள், அரபியில் இந்தியன் என்று அர்த்தம். என் கால் பொருந்தியது எட்டாம் நம்பரோடு. அவர் மிட்ஃபீல்டர், சவுதி தேசிய டீமில் ஆடியவர். முதல் சீசன் முழுக்க அவருடைய வேலை என்னவென்றே எனக்குப் புரியவில்லை. முன்னால் நிற்பவன் கோல் அடிக்கிறான், பின்னால் நிற்பவன் தடுக்கிறான். இவர் நடுவில் நின்று பந்தை வாங்குவார், உடனே கொடுத்துவிடுவார். வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாத ஆளுக்கு ஏன் கைதட்டுகிறார்கள் என்று குழம்பினேன். அவர் அடிபட்டு வெளியே உட்கார்ந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவர் இல்லாத டீமில் பந்து யாரிடமும் போய்ச் சேரவில்லை.

அடிபட்டது முட்டி. ஆபரேஷன் ஆகி, ஒரு சீசன் வீணாய்ப் போனது. தேசிய டீமில் அவர் இடத்துக்கு வேறு பையன் வந்துவிட்டான்.

இப்போது பூட்ஸுக்கு வருகிறேன். அந்தக் காலத்து லெதர் பூட்ஸ் புதிதாக இருக்கும்போது பலகை மாதிரி விறைப்பாக இருக்கும். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்தோடு காலில் மாட்டி, காலிலேயே காயவைக்க வேண்டும். இப்படிச் சில தடவை செய்தால் லெதர் இளகிக் காலோடு ஒட்டும். பாதி ஈரத்தில் கழட்டினால் சுருங்கி உள்ளே மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் கொப்புளம், கொப்புளம் வந்தால் நொண்டல், நொண்டினால் பாரம் முழுக்க முட்டிக்குப் போகும். ஆகவே ஒரே சட்டம்: ஈரம் காயும் வரை கழட்டக் கூடாது. எட்டின் பூட்ஸை எட்டுக்குப் பதிலாக நான் போட்டுப் பழக்குவேன். என் மூளையை அந்தக் கிளப்பில் கடைசி வரை யாரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் நான் லீவில் கிளம்பும்போது எட்டு ஒரு புது ஜோடியை என் பையில் வைத்தார். "டாக்டர் ஓடலாம்னு சொல்லிட்டார். நீ திரும்பி வந்த மறுநாள் மேட்ச். தேசிய கோச் வந்து உட்காருவார். முழு ஆட்டமும் நின்னா தேசிய டீம் கேம்ப்புல இடம். நிக்க முடியலைன்னா அவ்வளவுதான்." இது நான் புரிந்துகொண்ட அளவில். கடைசி வாக்கியத்தை அவர் கையைத் துடைத்துக் காட்டிச் சொன்னதால் அதில் மட்டும் சந்தேகம் இல்லை. என் விசாவும் அதே சமயத்தில்தான் முடிகிறது. தாண்டினால் சவுதிக்குள்ளேயே போக முடியாது.

எங்கள் ஊர் கல்வராயன் மலையடிவாரம். லீவு பூராவும் பூட்ஸைப் போட்டுக்கொண்டு கரும்புத் தோட்ட வரப்பில் நடந்தேன். மாடுகள் மிரண்டன. ஆனால் விருந்து, கல்யாணம், சபைக் கூட்டம் என்று கடைசி ஊறலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கிளம்புகிற காலையில்தான் ஊறப் போட்டேன். பஸ்ஸில் சும்மாதானே உட்கார்ந்திருப்போம், மெட்ராஸ் போவதற்குள் காய்ந்துவிடும் என்று கணக்கு. என் மனைவி ஸ்டெல்லா வந்து அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க ஊறப் போட்டுக்கினு இருக்கீங்க?"

"பூட்ஸு."

"ஊருல கடலைதான் ஊறப் போடுவாங்க. இத்த யாரு துன்றது?"

3. அந்தாண்ட இறங்கு

இதையெல்லாம் மரத்தடியில் நின்று நான் சொன்னேன். பயத்தில் பின்னாலிருந்து முன்னால் சொன்னேன். முட்டி ஆபரேஷன் எனக்குத்தான் ஆனது என்று சிலர் நினைத்துக்கொண்டார்கள்.

"நீ யாரு ஆளு? அத்த மொதல்ல சொல்லு" என்றார் ஒருவர்.

"எட்டாம் நம்பர் ஆளுங்க."

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கோடாலிக்காரர் மரத்திலிருந்து இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். தொண்டை கட்டியிருந்தது.

"எவனோ ஒருத்தன் பூட்ஸுக்கு நீ கால் குடுத்துக்கினு இருக்கியா? அதான் உன் உத்தியோகமா?"

"ஆமாங்க."

"எங்க புள்ளைங்களுக்குப் படிப்பு வேணும், வேலை வேணும்னு நாங்க ரோட்டுல கெடக்கறோம். உனுக்கு வெளிநாடு போற அவசரமா?"

பயம் ஜாஸ்தியானால் எனக்கு வாய் தானாகப் பேசும். "இங்கயே வேலை கெடைச்சிருந்தா நான் ஏங்க அடுத்தவன் பூட்ஸைப் போட்டுக்கினு வரப்புல நடக்கப் போறேன்?" என்றேன்.

அடி எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தெரியாததால் இரண்டு கன்னத்தையும் பொத்திக்கொண்டேன். அடி வரவில்லை. கோடாலிக்காரர் என் காலைப் பார்த்தார்.

"கழட்ட வேணாம், வுடுங்கடா" என்றார். "தோ பாரு, கெழக்கால ஒரு வண்டியும் போவாது, மேக்கால சேலம் ரோட்டுலயும் மரம் கெடக்குது. வெள்ளிமலை ஏறி அந்தாண்ட கருமந்துறை எறங்கு. சேலத்துல ரயிலு புடி. நின்னுக்கினே இருக்காத, போ."

திரும்பிப் பார்த்தால் பஸ் இல்லை. விசாரணை நடக்கும்போதே டிரைவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். என் பெட்டி மேலே. பெட்டிக்குள் என் செருப்பு. பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் சட்டைக்குள் இருந்தன.

நடந்தும், ஒரு டிராக்டரில் தொற்றியும், ஒரு ஜீப்பின் பின்னால் தொங்கியும் மறுநாள் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தேன். பூட்ஸ் நன்றாகக் காய்ந்து, காலுக்குக் கையுறை மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்த நேரத்தில் நான் சவுதியில் இருந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் மலையில் நடக்க வேண்டும். வழியில் ஓடை. இறங்கித் தாண்டினேன். பூட்ஸ் நனைந்தது. நனைந்துவிட்டதா, சட்டப்படி கழட்டக் கூடாது. நடந்தேன். காய்ந்து வருகிற நேரத்தில் அடுத்த ஓடை. மறுபடி நனைந்தது. மறுபடி கழட்டக் கூடாது. இப்படியே எத்தனை ஓடை தாண்டினேன் என்று தெரியாது. ஒரே ஓடையைத்தான் பல தடவை தாண்டினேனோ என்றும் சந்தேகம்.

கடைசியாக ஒரு பாறையில் மரவள்ளிக்கிழங்கு மூட்டையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்த மலைக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏம்ப்பா, தண்ணியில எறங்கறப்ப அதக் கழட்டிக் கையில புடிச்சிக்கினா இன்னா?"

நான் ஓடையின் நடுவில் நின்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்குத் தோன்றவே இல்லை. முதல் ஓடையில் பூட்ஸ் காய்ந்துதான் இருந்தது. கழட்டியிருக்கலாம். ஈரமானால் கழட்டக் கூடாது என்ற சட்டம் மண்டையில் இருந்ததே தவிர, ஈரமாக்காமல் இருக்கலாம் என்பது இல்லை.

"கழட்டக் கூடாதுங்க. இது இன்னொருத்தர் காலு" என்றேன்.

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார்.

அந்தாண்ட இறங்கியதும் போலீஸ். "மரத்தை வெட்டிப்போட்டுட்டு மலை வழியா தப்பிக்கிறியா?" என்று பிடித்துக்கொண்டார்கள். ஒரு பக்கம் நான் போலீஸ், மறு பக்கம் மரம் வெட்டி. பாஸ்போர்ட்டைக் காட்டினேன். பாஸ்போர்ட்டையும் பூட்ஸையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஏட்டு, "கழட்டு" என்றார். நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். பைத்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களே ஜீப்பில் ஏற்றிச் சேலம் ஸ்டேஷனில் விட்டுவிட்டார்கள்.

4. எட்டின் கால்

விசா முடிவதற்கு முன்னால் போய் இறங்கிவிட்டேன். பூட்ஸ் பம்பாய் ரயிலில் காய்ந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் அது பூட்ஸ் இல்லை, தோணி. ஓடைத் தண்ணீரும் மலை இறக்கமும் சேர்ந்து லெதரை இழுத்துவிட்டிருந்தன. எட்டு அதற்குள் காலை விட்டார். உள்ளே கால் ஆடியது. ஒரு மிட்ஃபீல்டருக்குப் பூட்ஸில் கால் ஆடினால், பாஸ் கொடுக்கிற இடம் ஒன்று, பந்து போகிற இடம் ஒன்று. மானேஜர் என்னைப் பார்த்து அரபியில் நிறைய சொன்னார். அந்த முறை எல்லாம் புரிந்தது.

எட்டு ரேக்கில் பழக்காமல் கிடந்த இன்னொரு புது ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேட்சுக்குப் போனார். பலகை பூட்ஸ். அவர் முகத்தில் கோபமா, வருத்தமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. தோணி ஜோடியை மானேஜர் கண்ணில் படாமல் அழுக்குத் துண்டுகளுக்கு அடியில் ஒளித்து என் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

முதல் பாதியில் நன்றாகத்தான் ஆடினார். வாங்கினார், கொடுத்தார். பிறகு வாங்கினார், நின்றார். ஹாஃப் டைமில் டிரெஸ்ஸிங் ரூமில் சாக்ஸைக் கழட்டினால் இரண்டு குதிகாலும் உரிந்து ரத்தம். டாக்டர் பஞ்சு வைத்துச் சுற்று சுற்று என்று கட்டுப் போட்டார். கட்டோடு புது பூட்ஸ் ஏறவில்லை. இழுத்தார்கள், தள்ளினார்கள், வாசலைனைத் தடவினார்கள். கட்டைக் குறைத்தால் ரத்தம் நிற்கவில்லை. வெளியே கேலரியில் தேசிய கோச் உட்கார்ந்திருக்கிறார். மானேஜர் பதிலாள் பையனை வார்ம்-அப் செய்யச் சொன்னார்.

எட்டு தலையைத் தூக்கினார். "யா ஹிந்தி! உன் தோணி எங்கே?"

பையைக் கவிழ்த்தேன். அழுக்குத் துண்டோடு தோணியும் விழுந்தது. கட்டுப் போட்ட காலை விட்டார். எங்கேயும் பிடிக்கவில்லை, எங்கேயும் ஆடவில்லை. எழுந்து தரையில் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். லேஸைக் கட்டச் சொல்லிக் காலை என் முன்னால் நீட்டினார். நான் போட்ட அவசரத்தில் முடிச்சு மூன்று தடவை அவிழ்ந்தது.

"மெதுவா, மெதுவா" என்றார். அவர்தான் ஆட வேண்டியவர், எனக்குத்தான் ஆறுதல்.

கடைசி விசில் வரை நின்றார். மேட்ச் டிரா. அடுத்த வாரம் கேம்புக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு பல வருஷம் ஆடினார், கேப்டனும் ஆனார். அதெல்லாம் பேப்பரில் வந்தது. கட்டுப் போட்ட கால் விஷயம் பேப்பரில் வரவில்லை.

மேட்ச் முடிந்ததும் மானேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "உண்மையைச் சொல். வேண்டுமென்றேதான் பெரிதாக்கினாயா?"

"ஆமாம் சார், மலை மேல வச்சு" என்றேன். பாதி உண்மைதான்.

கிட் வேலைக்கு வருகிற தம்பிகளுக்கு நான் சொல்வது இது. இப்போது பூட்ஸெல்லாம் கடையிலிருந்தே இளகி வருகிறது, ஊறவைக்கிற வேலை உங்களுக்குக் கிடையாது. ஆனால் இறுக்கமான ஜோடி ஒன்று, தளர்ந்துபோன ஜோடி ஒன்று, இரண்டையும் மேட்ச் நாளில் எடுத்துப் போங்கள். நல்ல காலுக்கு ஒன்று, அடிபட்ட காலுக்கு ஒன்று. கெட்டுப்போச்சு என்று எதையும் சீசன் நடுவில் வீசாதீர்கள். எட்டு ரிட்டையர் ஆகும் வரை அந்தத் தோணி ஜோடி அவருக்குத் தேவைப்பட்டது இன்னும் இரண்டே தடவைதான். இரண்டு தடவையும் அது பையில் இருந்தது.